தமிழ்நாட்டில் மட்டும் புலம்பவும்

போன ஞாயிற்றுக்கிழமை பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து எனக்கு மகிழ்ச்சி கற்றுக்கொடுத்தார்கள். நானாகப் போகவில்லை. "எப்ப பாரு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு எதையாவது பொலம்பிகினே இருக்கிற, போய்க் கத்துகினு வா" என்று என் மனைவி என்னைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டாள். மண்டபத்து மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை யாரும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் இருந்த இதயத்தை மறைத்து, 'நீடித்த மகிழ்ச்சிக்கான பழக்கங்கள்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அந்தத் தம்பதி பார்த்திருந்தால் கொஞ்சம் கலங்கியிருப்பார்கள்.

பயிற்சி கொடுக்க வந்த தம்பி சென்னைக்காரர். பாகூர் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு, காதோரம் வியர்வை வழிய வழிய மகிழ்ச்சியாக இருந்தார். ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தார். அதில் ஒரு சிரித்த முகம். கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் அதைப் பிடித்து அமுக்க வேண்டுமாம். அப்புறம், பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் வாழ்க்கையில் நடந்த நல்லதையெல்லாம் சொல்லுங்கள் என்றார். என் பக்கத்தில் நெட்டப்பாக்கம் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, அதன்மேல் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பையன் நல்லா படிக்கிறான் சார். பசு கன்னு போட்டிருக்குது, கெடேரி. ஆனா..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டுத் தம்பி எங்களைக் கடந்து போனார். "அம்மா! இந்த ஹால்ல 'ஆனா'வே கிடையாது!" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டுப் பந்தை ஓர் அமுக்கு அமுக்கினார். நான் என் பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

எதைக் கையில் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பது எனக்குப் பழைய வியாதி. உரக்கடையில் வேலை பார்த்தவனுக்கு மூக்குதான் முதலாளி. அந்தப் பந்தில் வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை. அவ்வளவுதான், மகிழ்ச்சியும் மண்டபமும் மறந்துபோய் நான் ஒரு பஸ்ஸின் கடைசியில், ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அது மடுகரையிலிருந்து பாகூர் வழியாகப் பிள்ளையார்குப்பம் போகும் தனியார் பஸ். பஸ்ஸின் பெயர் வேண்டாம், ஓனர் இன்னும் இருக்கிறார். அப்போது செல்போன் பெரிய மனிதர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையார்குப்பத்தில் பெரிய ஆஸ்பத்திரி புதிதாக வந்திருந்தது. நான் பி.காம். முடித்துவிட்டு, கவர்மென்ட் வேலை என்னைத் தேடி வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று பாகூரில் ஓர் உரக்கடையில் சேர்ந்திருந்தேன். வேலை வரவேயில்லை, அது வேறு கதை. யூரியாவும் பூச்சிமருந்தும் என் சட்டையில், தலையில், சாப்பாட்டுக் கூடையில் எல்லாம் ஏறியிருந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா என்னிடம் நெல்லுக்கு அடிக்க மருந்து விசாரித்தாரே தவிர, என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை.

பஸ்ஸின் பின்வாசலை ஒட்டி அந்த ஸ்டெப்னி டயர் படுத்திருக்கும். அதுதான் எங்கள் பஸ்ஸின் ஜெயில். புலம்பக்கூடாத இடத்தில் புலம்பியவர் எழுந்துபோய் அதன்மேல் உட்கார வேண்டும். நான் அங்கே நிரந்தரக் கைதி.

புலம்பக்கூடாத இடம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். பிரெஞ்சுக்காரன் கைக்கு எந்த ஊர் கிடைத்ததோ அது பாண்டி, கிடைக்காமல் போனது தமிழ்நாடு. ஒரே ஏரித் தண்ணீர், ஒரே கரும்பு, ஒரே கொசு. நடுவில் ஒரு மாநில எல்லை. மடுகரையில் ஏறுகிறவன் பாகூர் போய்ச் சேருவதற்குள் பாண்டியை விட்டு வெளியேறி, ஒரு துண்டு தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடியும் பாண்டிக்குள் நுழைய வேண்டும். போர்டைத் தேட வேண்டாம். கடைசி பிராந்திக் கடை வந்தால் பாண்டி முடிந்தது. அப்புறம் ஒரு சின்ன மதகு. மதகைத் தாண்டினால் தமிழ்நாட்டு செக்போஸ்ட். அங்கே ஒரு போலீஸ்காரர், ஏறி இறங்கும் பைகளையெல்லாம் சரக்கு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருப்பார்.

சட்டம் பிறந்தது வரதராசு மாமாவால். கரும்பு போட்டிருந்தார், நல்ல வசதி, வாய் மட்டும் சரியில்லை. ஏறி உட்கார்ந்த நிமிடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார். கரும்பு வெட்ட ஆர்டர் வரவில்லை, மருமகன் மதிக்கவில்லை, முட்டி மடங்கவில்லை, எருமை சினை பிடிக்கவில்லை. முட்டியும் எருமையும் மருமகனும் ஒன்றோடொன்று கலந்து, யாருக்கு எது பிடிக்கவில்லை என்று நமக்குக் குழப்பமாகிவிடும். ஒருநாள் கண்டக்டர் கோவிந்தன் பொறுக்க முடியாமல் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"இன்னா மாமா இது, காலங்காத்தால? அந்த ஊருக்காரன் குடிக்கணும்னா நம்ம ஊருக்கு வரான் இல்ல? நம்ம பொலம்பணும்னா அவன் ஊருக்குப் போய்ப் பொலம்புவோம். பிராந்திக் கட தாண்டட்டும், அங்க எல்லாத்தையும் கொட்டு. பாண்டியில வாயத் தொறந்தா ஸ்டெப்னி."

பஸ்ஸே சிரித்தது. மறுநாள் விளையாட்டாகச் செய்தார்கள். அடுத்த வாரம் பழக்கமாகிவிட்டது. அடுத்த மாதம் அதை மீறினால் கிழவிகள்கூடச் சண்டைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மண்ணின் மேல் எங்களுக்கு அவ்வளவு உரிமை இருந்தது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் பாண்டிப் பகுதி முழுக்க நல்ல பேச்சுதான் பேச வேண்டும். ஆரம்பத்தில் ஒருவரிடமும் அந்தச் சரக்கு இல்லை, பஸ் ஊமையாகப் போனது. அப்புறம் வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். "கீழண்ட வயல்ல நடவு முடிஞ்சிட்ச்சிப்பா." "அந்த வூட்டு மாடியில இன்னா கலரு அடிச்சிருக்கான் பாரு, மாரியாத்தா." இந்த மாதிரி. பிராந்திக் கடை தாண்டியதும் கோவிந்தன் நீளமாக ஒரு விசில் அடிப்பான். உடனே பஸ் முழுக்க ஒரே சத்தம், எல்லாரும் ஒரே நேரத்தில் புலம்புவோம். நேரம் கொஞ்சம்தான், தமிழ்நாட்டுத் துண்டு சின்னது. அதனால் எதைச் சொல்வது எதை விடுவது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டு வர வேண்டும். வரதராசு மாமா எருமையை விட்டுவிட்டு மருமகனை மட்டும் வைத்துக்கொண்டார். நான் பாதி நாள், மதகு வரும்போது எதைப் புலம்ப நினைத்தேன் என்பதையே மறந்துபோய் முழித்திருக்கிறேன். கோட்டுத் தம்பியின் பந்தைவிட அந்த பிராந்திக் கடை நன்றாக வேலை செய்தது என்று இப்போது தோன்றுகிறது.

செக்போஸ்ட் போலீஸ்காரர்தான் பாவம். அவர் ஏறும்போதெல்லாம் பஸ் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும். "பாண்டிக்காரனுங்க வூட்ல தெனமும் எழவு போலருக்குது" என்று அவர் டீக்கடையில் சொல்வாராம். மதகுக்கு இந்தப் பக்கம் இருந்த பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேனைக் கேட்டால், இந்த பஸ்ஸில் வருகிறவர்களைப் போலச் சந்தோஷமான ஜனங்களை உலகத்தில் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்திருப்பார்.

அந்த பிஸ்கட் கம்பெனியில்தான் அமலோற்பவம் அக்கா வேலை பார்த்தார். நெட்டப்பாக்கத்தில் ஏறி, பிராந்திக் கடைக்கு முன்னாலேயே கம்பெனி கேட்டில் இறங்கிவிடுவார். வாய் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. ஏறியதும் பஸ்ஸுக்கு ஒரு வெனிலா வாசனை வரும். எத்தனை முறை துவைத்தாலும் புடவையை விட்டுப் போகாத வாசனை. என் யூரியாவும் அவர் வெனிலாவும் கலந்தால் ஒரு மாதிரி இருக்கும், அதைச் சொல்லி அவரே சிரிப்பார். "தம்பி, நீயும் நானும் சேந்தா எலி மருந்து வெச்ச கேக்குடா." கம்பெனியில் உடைந்துபோன பிஸ்கட்டுகளைப் பையில் போட்டு எடுத்து வந்து பஸ் முழுக்கக் கொடுப்பார். நான் அவரை ஒரு தடவைகூட ஸ்டெப்னியில் பார்த்ததில்லை.

வரதராசு மாமாவுக்கு அவர்தான் உதாரணம். "அமலாவப் பாருங்கடா. என்னிக்காவது மொகம் வாடிப் பார்த்திருக்கீங்களா? அது மனசு. நமக்கு அது வராது" என்று, அவர் இறங்கியதும் சொல்லிவிட்டு, மதகு தாண்டியதும் மருமகனை ஆரம்பிப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிலருக்குக் கவலை ஒட்டாது, எண்ணெய் தடவிய சட்டியில் தோசை ஒட்டாத மாதிரி.

மாலையிலும் இதேதான், தலைகீழாக. திரும்பும்போது தமிழ்நாடு முதலில் வரும். அன்றைய வியாபாரம், முதலாளி, வெயில் எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு, கை கால் கழுவிய மாதிரி பாண்டிக்குள் நுழைவோம். அப்போதுதான் அமலா அக்கா கம்பெனி வாசலில் ஏறுவார். காலையில் நாங்கள் ஆரம்பிப்பதற்கு முன் இறங்கிவிடுவார், மாலையில் முடித்த பிறகு ஏறுவார். பஸ்ஸே சிரித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அவர் எங்களோடு இருந்தார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பி.காம். படித்த எனக்கும்தான்.

ஓர் ஐப்பசி மாதக் காலை. மழை விட்டிருந்தது, ஜன்னல் தார்ப்பாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அன்று கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவை கட்டியிருந்தார். கம்பெனி வந்தது. கோவிந்தன் விசில் அடித்தான், பஸ் நின்றது, ஒருவரும் இறங்கவில்லை.

"அக்கா, கம்பெனி."

"தெரியுது. போ ரைட்."

"எறங்கலயா?"

"இல்ல. இன்னிக்கி பிள்ளையார்குப்பம். ஆஸ்பத்திரி."

"யாருக்கு இன்னாக்கா?"

அக்கா ஜன்னல் வழியாக பிராந்திக் கடையைப் பார்த்தார். "இரு. மதகு தாண்டட்டும், சொல்றேன். இங்க சொன்னா ஸ்டெப்னியில குந்த வெப்பீங்க" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று வழக்கமான நீள விசிலை கோவிந்தன் அடிக்கவில்லை. மதகு கடந்தது. ஒருவரும் புலம்பவில்லை. பஸ் முழுக்க அக்காவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

"மொதல்ல, பிஸ்கட்டு" என்று ஆரம்பித்தார். "உங்களுக்குத் தெனமும் குடுக்கறேனே, அந்த ஒடஞ்ச பிஸ்கட்டு. அதப் பார்த்தாலே எனக்குக் கொமட்டுது. அந்த வாசன என் தலகாணியில கீது. என் கொழம்புல கீது. இத்தினி நாளா வாய் நெறய சிரிச்சிகினு அத உங்களுக்குக் குடுத்தேன் பாரு, எனக்கு மெடல் குடுக்கணும்."

பஸ் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். பெண்கள் பாத்ரூம் போனால் வாசலில் நின்று வாட்ச் பார்க்கிறவர். அப்புறம் மாமியார், காது கேட்காதது மாதிரி நடிப்பவர். அப்புறம் கழுத்துவலி. அவர் புலம்பிய அழகைப் பார்த்து வரதராசு மாமாவே வாயைப் பிளந்தார். எத்தனை நாள் சேர்த்து வைத்ததோ, ஒன்றன்பின் ஒன்றாக, இடம் விடாமல் வந்தது. செக்போஸ்ட்டில் ஏறிய போலீஸ்காரர் பையைத் தடவாமல் நின்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"இதெல்லாம் சும்மா" என்றார் அக்கா. சிரிப்பு நின்றிருந்தது. "இன்னிக்கி ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்குப் போறேன்னா..."

அப்போது ஜன்னலுக்கு வெளியே 'புதுச்சேரி அரசு தங்களை வரவேற்கிறது' என்ற போர்டு வந்தது. அக்கா அதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அவ்ளோதான். பாண்டி வந்துட்ச்சி" என்றார். எங்கள் எல்லாரையும் பார்த்து, தினமும் இறங்கும்போது சிரிக்கிற மாதிரியே சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் நாங்கள் போட்டதுதான், எடுத்துவிட ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. அப்போது டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார். அவர் பேசி நாங்கள் கேட்டதேயில்லை, அன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார், ரிவர்ஸ் போட்டார்.

கோவிந்தன் பின்வாசலுக்கு ஓடினான். மழைத் தண்ணீர் தேங்கிய அந்த ஒற்றை ரோட்டில், ஒரு கரும்பு டிராக்டரையும் இரண்டு சைக்கிளையும் ஓரம் கட்டவைத்து, "வரட்டும் வரட்டும்" என்று பஸ்ஸைத் தட்டித் தட்டி, பாண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோனான். பின்பக்கமாக எல்லை தாண்டிய ஒரே பஸ் எங்களுடையதாகத்தான் இருக்கும். பஸ் பின்னால் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, செக்போஸ்ட் போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாயா இது, சரக்கா? யாரு ஒளிச்சி வெச்சிருக்கறது?"

"யோவ், கம்முனு இரு" என்றார் வரதராசு மாமா. "அமலா பேசிகினு கீது."

போலீஸ்காரர் படியிலேயே நின்றுவிட்டார். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

குளிக்கும்போது மாரில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது என்று அக்கா சொன்னார். வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டார். அப்புறம் பெரிதாகிவிட்டது. வில்லியனூரில் பார்த்த டாக்டரம்மா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றுவிட்டார். இன்றைக்கு ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள். வீட்டில் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புருஷன் பெயின்ட் அடிக்கிறவர், உயரத்தில் நிற்கிற வேலை. இதைக் கேட்டால் கை நடுங்கி விழுந்து வைப்பார். மகளுக்குப் பத்தாவது பரீட்சை.

"எனக்குச் சாவறதுகூட ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "அது தலய அதுக்குப் பின்னத் தெரியாது. இன்னமும் நான்தான் ரெட்ட ஜட பின்னி விடறேன். அத நெனச்சிகினே கெடக்கறேன். தூங்கறதில்ல. யார்கிட்டயாவது சொல்லலாம்னா, எங்க சொல்றது? வூட்ல சொல்ல முடியாது. கம்பெனியில சொன்னா வேலையில்லன்னுடுவான். பஸ்ஸுல சொல்லலாம்னு பார்த்தா, நான்தான் கடைக்கு முன்னாடியே எறங்கிடறனே!"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா உங்க கூட வரேன். ஒரு நாளு, ஒருத்தர், அமலா உனக்கு இன்னான்னு கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஊரில் இருக்கிற கவலையெல்லாம் தமிழ்நாட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நாங்கள் கெட்டிக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு நடுவில் ஓர் ஆளுக்குக் கொட்ட இடமே வைக்கவில்லை.

வரதராசு மாமா துண்டால் மூக்கைச் சிந்தினார். "கேக்கல. தப்புதான்" என்றார். பிறகு, "எனக்கும் ஆஸ்பத்திரியில முட்டியக் காட்டணும். நானும் எறங்கறேன்" என்றார். முட்டியை அவர் காட்டவேயில்லை. நாள் முழுக்க அந்த ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்காலி சரியில்லை, டீயில் சர்க்கரை இல்லை, நர்ஸ் பெண்கள் மரியாதை கொடுக்கவில்லை என்று புலம்பித் தீர்த்திருக்கிறார். "அந்த ஆளு பொலம்பின பொலம்பல்ல எனக்கு என் பயமே மறந்துபோச்சிடா" என்று அக்கா பிறகு சொன்னார். அவர் வாய் ஒரு நாளாவது நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

கட்டி கெட்ட கட்டிதான். ஆபரேஷன் நடந்தது. முடியெல்லாம் கொட்டியது. அந்த மாதங்களில் பஸ்ஸில் வெனிலா வாசனை இல்லை, வெறும் யூரியா மட்டும். நானே என் நாற்றத்தை முதல் தடவையாக உணர்ந்தது அப்போதுதான். கோவிந்தன் தினமும் கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்துவான், இறங்க ஆள் இல்லை என்று தெரிந்தும். பஸ்ஸில் வந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு நெட்டப்பாக்கத்தில் முதல் டிரிப்பிலேயே இறங்கி, அக்காவின் மகளுக்குத் தலை பின்னிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார்கள். அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒரு நாள்கூடத் தளரப் பின்னவில்லை என்று கேள்வி.

அடுத்த வெயில் காலத்தில் அக்கா திரும்பி வந்தார், தலையில் ஸ்கார்ஃப், உடம்பில் பாதி இல்லை, வாய் மட்டும் முழுசாக. அன்று வரதராசு மாமா எழுந்து நின்று அரசாங்கம் மாதிரி அறிவித்தார். பிஸ்கட் கம்பெனிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. இன்றிலிருந்து அந்த மரம் தொடங்கிக் கம்பெனி கேட் வரைக்கும் தமிழ்நாடு. யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லை. புதுச்சேரி அரசுக்கும் சொல்லவில்லை, தமிழ்நாடு அரசுக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் ரோட்டை ஒரு பெண்பிள்ளைக்காக இந்த மாநிலத்திலிருந்து பிரித்து அந்த மாநிலத்தோடு சேர்த்துவிட்டோம்.

அப்புறம் தினமும் மரம் வந்ததும் கோவிந்தன் கத்துவான்: "தூங்குமூஞ்சி மரம்! தமிழ்நாடு! அக்கா, ஆரம்பி!" மொத்த பஸ்ஸும் வாயை மூடிக்கொள்ளும். அந்தத் துண்டில் அக்கா மட்டும்தான் பேசலாம். கை தூக்க முடியவில்லை என்பார். மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பார். சில நாள் மருந்தைத் திட்டுவார், சில நாள் கர்த்தரையே திட்டுவார், உடனே சிலுவை போட்டுக்கொள்வார். கேட்டில் இறங்கும்போது முகம் கழுவிய மாதிரி இருக்கும். சில நாள் மரம் வந்ததும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார்.

"இன்னிக்கி ஒண்ணும் இல்ல கோவிந்தா. பாண்டியாவே இருக்கட்டும்."

அந்த மாதிரி நாட்களில் பஸ்ஸுக்கு வந்த சந்தோஷத்தை எந்த மண்டபத்திலும் நான் பார்த்ததில்லை.

அக்கா இப்போது அரியாங்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். பயிற்சியில் பந்து கொடுத்த கதையைப் போனில் சொன்னேன். "அமுக்கறதுக்கா? கடிச்சிப் பார்த்தியா? எங்க கம்பெனி பிஸ்கட்ட விட நல்லாதான் இருக்கும்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "உனக்கு இன்னாடா?" என்று கேட்டார். எப்போது பேசினாலும் கேட்பார். நானும் அரை மணிநேரம் சொல்வேன்.

மண்டபத்துக்கு வருகிறேன். மதியம் சாம்பார் சாதமும் சிரித்தபடி ஒரு குரூப் போட்டோவும் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். வண்டி நிறுத்திய இடத்தில் நெட்டப்பாக்கம் அம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த 'ஆனா' என் காதிலேயே இருந்தது. பக்கத்தில் போனேன்.

"காலையில ஏதோ சொல்ல வந்தீங்களே. உங்களுக்கு இன்னாங்க?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்லாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, பந்தை வண்டியின் டப்பாவில் போட்டு மூடி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நானும் அதே ரோட்டில்தான் பின்னால் வந்தேன். அந்த பஸ் நின்றுபோய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ஹெல்மெட். வரதராசு மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கோவிந்தன் எங்கே என்று தெரியவில்லை. பிஸ்கட் கம்பெனி இருந்த இடத்தில் பிளாட் போட்டிருக்கிறார்கள். பிராந்திக் கடை மட்டும் இருக்கிறது, ஏசி போட்டு. தூரத்தில் அந்த அம்மாவின் ஸ்கூட்டி போய்க்கொண்டிருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டார்கள். அது எந்த இடம் என்று நான் வேகத்தைக் குறைத்துத் தேடினேன். அந்த இடத்தை ஸ்கூட்டி நிற்காமல் கடந்து போனது.